வலது முன் சக்கரத்து டிரம்

போவன்பள்ளி,
ஞாயிற்றுக்கிழமை காலை.

என் செல்லம் நித்யஸ்ரீக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இங்கே நானும் அம்மாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை பத்ரியும் அந்தக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கப் பெருமாளை வேண்டுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, நெற்றி வீக்கமும் வடிந்துவிட்டது. இனி எழுதப்போவதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் பேனாவைப் பிடித்தேன்.

ஆயுதபூஜைக்கு மறுநாள் மார்க்கெட் வாசலில் நம் பியட் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய்த் தக்காளிக் கிரேட்டுகளில் மோதியது, எல்லாம் மெக்கானிக் முகமது யூசுப் செய்த பிரேக் வேலையின் லட்சணம் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா. நீயும் அன்றைக்கே கூகுளில் அவர் ஷெட்டுக்கு ஒரே ஒரு ஸ்டார் போட்டு, இவரை நம்பி வண்டியைக் கொடுக்காதீர்கள், என் அம்மா அப்பா உயிர் தப்பியதே பெரிது என்று எழுதினாய். அது தப்பு நித்யா. உன் தப்பு இல்லை, என் தப்பு.

யூசுப் பிரேக் டிரம்களை லேத்தில் கடைந்து, அவற்றில் உரசிச் சக்கரத்தை நிறுத்தும் லைனிங்கையும் புதிதாகப் போட்டு, ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றிப் பார்த்து அட்ஜஸ்ட் செய்து கொடுத்தார், பிரேக்கை மிதித்தால் வண்டி அந்தண்டை இந்தண்டை போகாமல் நேராக நின்றது. எனக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. முப்பத்தேழு வருஷம் ராமச்சந்திராபுரம் ஃபேக்டரியில் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவன், அடுத்தவர் வேலையைத் திறந்து பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. பூஜையன்று ஸ்பேனர், சுத்தி எல்லாவற்றையும் அம்மாவின் தையல் மிஷின் எண்ணெயில் நனைத்த துணியால் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன், அப்படியே வலது முன் சக்கரத்தையும் கழற்றி டிரம்மை எடுத்துப் பார்த்தேன். உள்பக்கம் பளபளவென்று இருந்தது. ஃபேக்டரியில் கடைசல் முடிந்த இரும்பை எண்ணெய் தடவாமல் விட்டால் துரு ஏறும், அப்படி விட்டவன் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான். அந்தப் பழக்கத்தில் கையிலிருந்த துணியால் உள்ளே ஒரு சுற்றுத் துடைத்துவிட்டேன். பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில் எண்ணெய். அம்மா தீபாராதனைக்குக் கூப்பிட்டாள், எல்லாவற்றையும் மாட்டிவிட்டு எழுந்து போனேன், அதோடு மறந்தேபோனேன். மறுநாள் இடது சக்கரம் பிடித்தது, வலது வழுக்கியது, வண்டி இடப்பக்கம் பாயாமல் என்ன செய்யும்.

அன்றைக்கு எனக்கு இது உறைக்கவில்லை. வண்டியை முதல் கியரில் ஊர்ந்து ஓட்டிப் போய், யூசுப் ஷெட்டில் நாலு கஸ்டமர் நிற்கும்போதே வாய்க்கு வந்தபடி பேசினேன், என் பெண்டாட்டி உயிர் போயிருந்தால் நீயா கொடுப்பாய் என்று கேட்டேன். அவர் டிரம்மைக் கழற்றினார், விரலால் தொட்டு மோந்தார், என்னை ஒரு தரம், ஸ்டூலில் நெற்றி வீக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவை ஒரு தரம் பார்த்தார். ஹவ் சாப், மேரீச் கல்தி என்றார், ஆமாம் சார், என் தப்புதான் என்று. வேறு லைனிங் போட்டு அனுப்பினார். கழற்றிய பழைய சாமானைக் காகிதத்தில் சுற்றி டிக்கியில் வைப்பது அவர் வழக்கம். அந்தப் பொட்டலத்தைப் போன வியாழக்கிழமைதான் பிரித்தேன். லைனிங் ஊறிப்போய், நம் வீட்டுத் தையல் மிஷின் எண்ணெய் வாசனை அடித்தது. கூனிக் குறுகிப் போனேனம்மா.

நேற்று அவரைப் பார்க்கப் போனேன். தெரிந்தும் ஏன் பழியை ஏற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டதற்கு, நக்கோ சாப், சோடோ, வேண்டாம் விடுங்கள் என்று கையை ஆட்டினார். விடாமல் கேட்டபோது, அம்மா பயந்து போயிருந்தாங்க, நீங்க செஞ்சதுன்னு தெரிஞ்சா இனிமே உங்க வண்டியிலே உக்காருவாங்களா, மெக்கானிக்கை மாத்திக்கலாம் சாப், புருஷனை மாத்த முடியுமா என்று அவர் பாஷையில் சொன்னார். நீ எழுதியதைப் பார்த்து இரண்டு பேர் வண்டியை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். அதை அவர் சொல்லவில்லை, எனக்கு டீ கொண்டுவந்த அவர் மகள் நஸ்ரின் சொன்னாள். அடுத்தவன் வேலையில் ரிஜெக்ட் முத்திரை குத்தியே வயசான என்னால் அந்த டீயைக் குடித்து முடிக்க முடியவில்லை.

நீ எழுதியதை அழித்தால் மட்டும் போதாது. நடந்ததை என் பெயர் போட்டு அங்கேயே எழுது. நாளைக்கு நானும் ஷெட்டுக்குப் போய், யார் நின்றாலும் அவர்கள் முன்னால் சொல்லப்போகிறேன். இனிமேல் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு ஊருக்குச் சொல்லாதே, அந்தப் பக்கம் உன் அப்பாவாக இருந்தாலும்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இன்றைக்குக் காலையில்கூட யூசுப்பைத்தான் திட்டினாள், நான் பேப்பரில் முகத்தை வைத்துக்கொண்டேன். என் கடிதத்தை ஒரு வரி விடாமல் வாசித்து, படம் பிடித்து உனக்கு அனுப்புகிறவள் அவள்தான். இதையும் வழக்கம்போல மேஜைமேல் வைத்துவிட்டுப் பால் வாங்கப் போகிறேன். இது உன்னிடம் வந்து சேர்ந்தால் அவள் படித்துவிட்டாள் என்று அர்த்தம். உடனே அவளுக்குப் போன் செய், எனக்கு அப்புறம் செய்யலாம். இரண்டு பேரும் தீர்க்காயுசாக இருங்கள்.

தலை நிமிராத உன் அப்பா,
ராஜாராமன்