நாற்பத்தொரு செக்கன்

பேர்ண், சுவிற்சர்லாந்து,
09.01.2024

அன்புள்ள அண்ணா,

நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். வாட்ஸ்அப்பில் என்னை மறித்து வைத்திருக்கிறீர்கள். கடிதத்தை மறிக்க ஏலாதுதானே, அதனால் எழுதுகிறேன்.

புதுவருடத்தன்று பக்கத்து வீட்டு ஷிஃபானா கதைத்தாள். கதையோடு கதையாக, "தொண்டை ஒப்பரேசனுக்கு முதல் உங்கட அம்மா ஏழு ஞாயிறு கம்பியூட்டருக்கு முன்னால இருந்து உனக்கெண்டே வீடியோவில கதைச்சவ. நீ பாக்கல்லையா?" என்று கேட்டாள்.

அம்மா போய் இரண்டு வருடம். எனக்கு ஒன்றும் வரவில்லை. நான் செத்தவீட்டுக்கு வராததற்கு என்னோடு கோபிக்கலாம். ஆனால் அம்மா எனக்குச் சொன்னதை நீங்கள் எப்படி வைத்திருக்கலாம்? அனுப்பிவிடுங்கள் அண்ணா. வேறொன்றும் கேட்கமாட்டேன்.

உங்கள் அன்புத் தங்கை,
தேனுகா


லிங்கநகர், திருகோணமலை,
02.02.2024

தங்கச்சி,

உன் கடிதம் கிடைத்தது. ஷிஃபானா சொன்னது உண்மை. "நான் கண்ணை மூடின பிறகு அவளுக்கு அனுப்பு" என்று அம்மா என்னிடம் சொன்னா. ஒவ்வொரு ஞாயிறும் கமராவைப் போட்டுவிட்டு நான் வெளியே போய்விடுவேன். ஒன்றையும் கேட்கவில்லை. கொள்ளி வைத்தபோது நீ இல்லையே என்ற ஆத்திரத்தில் அனுப்பாமல் விட்டேன். பிறகு ஆத்திரம் போய் வெட்கம் வந்துவிட்டது.

நேற்று அந்தப் பழைய கம்பியூட்டரைப் போட்டேன். லினக்ஸ் பாதியில் நின்று, ஹார்ட் டிஸ்க்கை வாசிக்க முடியவில்லை என்று வரிவரியாகக் காட்டியது. உள்ளே டிக், டிக் என்று தட்டுகிற சத்தம். பதற்றத்தில் நாலைந்து தரம் நிறுத்தி நிறுத்திப் போட்டேன். அப்படிச் செய்தால் இன்னும் பழுதாகும் என்று துறைமுகக் கந்தோரில், கம்பியூட்டர் பகுதியில் இருந்துகொண்டு, எல்லோருக்கும் புத்தி சொல்கிறவனே நான்தான்.

டிஸ்க்கைக் கழற்றிக் கந்தோருக்குக் கொண்டுபோகிறேன். டிடிரெஸ்கியூ என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் வேறு டிஸ்க்குக்குப் பிரதி எடுத்துவிட்டு, பழுதான இடங்களைக் கடைசியில் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்க்கும். நாட்கள் எடுக்கும். பொறுத்துக்கொள்.

அண்ணா,
இராகுலன்


பேர்ண்,
24.02.2024

அன்புள்ள அண்ணா,

டிஸ்க் பழுது என்று வாசித்தபோது முதலில் நம்பவில்லை. பிறகு, நாலைந்து தரம் போட்டேன் என்று எழுதியிருந்ததைப் பார்த்து நம்பினேன். பொய் சொல்கிறவர் அதை எழுதமாட்டார்.

போன கிழமைதான் எனக்கு இங்கே வதிவிட அனுமதி கிடைத்தது. அம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு கணம் போனைக் கையில் எடுத்தேன்.

வேலைக்குப் போகிற வழியில், அம்மா என்னைக் கூப்பிடுகிற மாதிரி வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். அந்தச் சத்தம் வருகுதில்லை. நான் ஏன் வரவில்லை என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். எவ்வளவு வந்தாலும் அனுப்புங்கள்.

தேனு


லிங்கநகர்,
21.03.2024

என் தங்கச்சி,

பதினாறு நாள் ஓடியது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு வந்துவிட்டது. நான் இறக்கி வைத்த சினிமாப் பாட்டுகள்கூட ஒன்று விடாமல் வந்தன. வராத இரண்டு பங்கில்தான் அம்மா இருந்தா. பிறகு டிஸ்க் சுற்றுவதையே நிறுத்திவிட்டது. கொழும்பில் டிஸ்க்கைத் திறந்து பார்க்கிற ஓரிடத்துக்கும் அனுப்பினேன். உள்ளே தட்டு முழுக்கக் கீறிப்போயிருக்கிறது, இனி ஏலாது என்றார்கள்.

ஏழில் ஆறு திறக்கவே இல்லை. கடைசி ஞாயிறில் மட்டும் நாற்பத்தொரு செக்கன். படமில்லை, குரல் இருக்கிறது. சரியாக வந்ததா என்று பார்க்கக் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. அம்மா சொல்கிறா:

"தேனு, உன்ர விசா வழக்கு முடியாமல் வெளிக்கிட்டா உன்னைத் திருப்பி உள்ளுக்க விடமாட்டாங்கள். அதுதான் வரவேண்டாமெண்டு உன்னட்டச் சத்தியம் வாங்கினனான். அண்ணாட்டச் சொல்லாத எண்டதும் நான்தான். கோவம் வந்தா அவன் என்னோட கதைக்கமாட்டான், எனக்கு இஞ்ச அவனை விட்டா ஆர்? இனி நீ அவனுக்குச் சொல்லலாம் பிள்ளை..."

அதோடு அறுந்துவிடுகிறது.

இரண்டு வருடம் உன்னைத் திட்டாத நாளில்லை. நீ வாய் திறக்கவில்லை. வாய் திறக்கலாம் என்று அம்மா சொன்னதையும் நானே பூட்டி வைத்திருந்தேன். பென்டிரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வா தங்கச்சி. என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் அண்ணா


பேர்ண்,
15.04.2024

அண்ணாவுக்கு,

பென்டிரைவ் கிடைத்தது. கேட்டேன். அது அம்மாதான்.

மே பன்னிரண்டாம் திகதி வருகிறேன். உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் ஐந்து நாளுக்கு அறை எடுத்திருக்கிறேன். வீட்டுக்கு வரமாட்டேன், அண்ணியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். கோபத்தில் எழுதவில்லை. உங்களைக் கண்டால் மற்ற ஆறு ஞாயிறும் அம்மா என்ன சொன்னா என்று கேட்பேன். உங்களிடம் பதில் இல்லை.

அம்மாவின் சாம்பலைக் கரைத்த இடம் எனக்குத் தெரியாது. அங்கே போகிற வழியை ஒரு தாளில் படமாகக் கீறி ஷிஃபானாவிடம் கொடுத்துவிடுங்கள். நான் தனியாகப் போய்க்கொள்வேன்.

தேனுகா