எடைக்கு மாறாக நிற்கும் இரண்டு டைல்ஸ்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பாவின் முட்டியைத் தவிர எல்லோரும் நலம். அங்கே நீயும் நலமாகத்தான் இருப்பாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன், இல்லையென்றால் பதிலில் திட்டிக்கொள். அப்பா முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டு வீடு முழுக்க மணக்க மணக்க நடக்கிறார், மாடிப்படி ஏறும்போது மட்டும் ஊருக்கே கேட்கிற மாதிரி முனகுவார், டீ வந்தால் நின்றுவிடும். உன் அறையை யாருக்கும் கொடுக்கவில்லை, டைல்ஸ் வெட்டும் மெஷின் மட்டும் உன் கட்டிலுக்கடியில் குடியிருக்கிறது, நீ வந்தால் காலி செய்துவிடும், அது உன்னை மாதிரி அடம்பிடிக்கிற சாதனம் இல்லை. ராத்திரியில் சாப்பிடாமல் படுக்கிறாய் என்று உன் குரலிலேயே தெரிகிறது, ஒரு முட்டையாவது வேகவைத்துத் தின்றுவிட்டுப் படு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம்மோடு கட்டடங்களில் வேலை செய்கிற பிளம்பர், நீ ஒழுகல் என்று பட்டப்பெயர் வைத்தாயே அந்தப் பிள்ளைதான், சின்னவளைக் கேட்டு அவன் அம்மா வந்துவிட்டுப் போனார். சின்னவளுக்கும் இஷ்டம், அதைச் சொல்லாமலேயே ஒரு மாதமாக அவனைக் கூப்பிட்டுக் குளியலறைக் குழாயை ரிப்பேர் பண்ணச் சொல்லிக்கொண்டிருந்தாள், குழாய் நன்றாகத்தான் இருந்தது. பிள்ளை நல்ல பிள்ளை, எனக்கு ஆட்சேபணை இல்லை. உன் அப்பாதான் மூத்தவள் இருக்கும்போது இளையவளுக்கா என்று உட்கார்ந்துவிட்டார். உன் அத்தை வேறு வந்து, வரிசை என்று ஒன்று இருக்கிறதல்லவா என்று எண்ணெய் ஊற்றிவிட்டுப் போனாள். நீ படிப்பு முடியும்வரை கல்யாணப் பேச்சே எடுக்காதே என்று எழுதியிருந்தாய், அதில் நான் மறுபடி கையை விடப்போவதில்லை. ஆனால் உன் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருஷம், ஒழுகல் வீட்டார் இந்த மாதக் கடைசிக்குள் ஒரு பதில் சொல்லுங்கள் என்கிறார்கள். சின்னவள் எனக்கு ஒன்றும் அவசரமில்லை, காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவினாள், அன்றைக்குக் கழுவிய சத்தத்தில் இரண்டு தட்டுக்கு நெளிவு எடுக்க வேண்டியதாயிற்று.

இதற்கு நடுவில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை வந்தது. அங்கே கெமிஸ்ட்ரி டீச்சர் ஒருத்தி, உன் வயதுதான் இருக்கும், ஆய்வகத்துக்கு வெளியே நீளச் சுவரில் தனிம அட்டவணையை டைல்ஸாகவே பதிக்க வேண்டும் என்றாள். நீ படிக்கும்போது சமையலறைக் கதவில் ஒட்டிவைத்து, நான் எண்ணெய்க் கறையாக்கினேன் என்று ஒரு வாரம் பேசாமல் இருந்தாயே, அதே கட்டம் கட்டமான படம். ஒவ்வொரு டைலிலும் பெயரும் எடையும் அச்சடித்து வந்தது, மேல் மூலையை மட்டும் காலியாக விட்டிருந்தாள், அங்கே ஏதோ நம்பரைப் பிள்ளைகள் பிறகு கையால் எழுதுவார்களாம். அப்பா மெஷினில் ஓரம் வெட்டித் தருவார், நான் நூல் கட்டிப் பசை பூசி ஒட்டுவேன். டீச்சர் வரைந்து கொடுத்த தாளைப் பார்த்து ஒட்டிக்கொண்டே வந்தவள், எடை வரிசையாக ஏறுகிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். நீ சிரிக்கலாம், எனக்குப் படிப்பு இல்லாவிட்டாலும் எண் தெரியும். கீழ் வரிசை ஒன்றில் டெல்லூரியம் என்கிற ஒன்று முன்னால், அதைவிட எடை குறைந்த அயோடின் பின்னால். பாவம் டீச்சர், அவசரத்தில் மாற்றி வரைந்துவிட்டாள் என்று நானே இரண்டையும் இடம் மாற்றி ஒட்டிவிட்டேன். உன் அப்பாவும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, இப்போதுதான் சரி என்றார், ஏதோ ரசமட்டத்துக்குக் கெமிஸ்ட்ரி தெரிகிற மாதிரி.

மத்தியானம் டீச்சர் வந்து பார்த்தாள். கோபப்படவில்லை, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், எனக்கு அதுதான் அவமானமாக இருந்தது. பிறகு பசை வாளியின் மேலேயே உட்கார்ந்து சொன்னாள். இந்தப் படத்தை முதலில் போட்டவர் ஒவ்வொன்றையும் எடைப்படி வரிசை வைத்தாராம், அப்படி வைத்தால் ஒரே குணம் உள்ளவை ஒன்றின் கீழ் ஒன்றாக வந்து நின்றனவாம். இடது ஓரத்தில் இருப்பவை தன்னிடம் உள்ளதைத் தூக்கிக் கொடுக்கத் துடிப்பவை, வலது ஓரத்தில் இருப்பவை யாரோடும் சேராதவை, அத்தைக்கு அங்கே ஒரு டைல் போடலாம். கீழே இறங்க இறங்கப் பருமன் கூடுமாம், உன் அப்பா வீட்டு ஆட்கள் வயதாக ஆக ஆவது போல. அப்போது கண்டுபிடிக்காதவற்றுக்கு வராத விருந்தாளிக்கு நாற்காலி போடுகிற மாதிரி இடம் விட்டு, குணத்தையும் முன்கூட்டியே சொல்லிவைத்தாராம், பின்னால் கிடைத்தவை ஏறக்குறைய அப்படியே இருந்தனவாம். இந்த இரண்டில்தான் அவருக்கே இடித்ததாம். எடைப்படி வைத்தால் அயோடின் தன் கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்துக்குக் கீழே போய்விடும். காயத்துக்குத் தடவுகிற பழுப்பு மருந்தில் இருப்பது அயோடின், தண்ணீரில் போடுகிற குளோரின்தான் அதன் சொந்தம். அதனால் குணத்தைப் பார்த்து மாற்றி வைத்துவிட்டு, எடை போட்டவர்கள்தான் தப்பாகப் போட்டிருப்பார்கள் என்று சொல்லிவிட்டாராம். எடை சரியாகத்தான் இருந்ததாம். முடிவு சரி, காரணம் தப்பு, தப்பை அடுத்தவர் தலையில் போடுவதில் மட்டும் என்னை மாதிரி ஆள். வெகுகாலம் கழித்துத்தான் ஒவ்வொன்றுக்கும் உள்ளே வேறு ஒரு எண்ணிக்கை இருக்கிறது, உண்மையான வரிசை அதுதான் என்று தெரிந்ததாம். மூலையில் எழுதப்போகிற நம்பர் அதுவாம். எடை மாறி நிற்பவை வேறு இரண்டு மூன்று இடத்திலும் உண்டாம், நல்ல வேளை என் கண்ணில் படவில்லை.

நான் கொத்துக் கரண்டியை இடுக்கில் செருகி இரண்டையும் பெயர்க்க ஆரம்பித்தேன், பசை இறுகாததால் வந்துவிட்டன, அயோடினின் ஓரம் மட்டும் லேசாகத் தெறித்தது. உன் அப்பா தெறித்த அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "வரிசை கெட்டுப்போச்சுன்னு அந்தக் காலத்துல யாரும் கேக்கலையாம்மா?" என்றார். டீச்சர், "கேட்டிருப்பாங்க சார். அதுக்காக ஒண்ணைக் கொண்டுபோய் அதோட ஆளுங்க இல்லாத இடத்துல நிக்க வைக்க முடியுமா?" என்றாள். அப்பா வெள்ளை சிமெண்டு குழைத்துத் தெறித்த ஓரத்தைச் சரிசெய்தார். வழக்கமாக அந்த மாதிரி சில்லறை வேலையை என் தலையில் கட்டுவார்.

வீட்டுக்கு வரும் வழியில், ரசமட்டத்தைக் கைத்தடியாக ஊன்றிக்கொண்டு, "சின்னவளுக்கு முதல்ல முடிச்சிடலாமா" என்றார். நான் காது கேட்காத மாதிரி நடந்தேன், இன்னொரு தடவை சொல்லட்டும் என்று. சொன்னார். கொஞ்ச தூரம் போய், "பெரியவ மனசுல என்ன இருக்குமோ" என்றார். அதை உன்னிடமே கேட்கத்தான் இந்தக் கடிதம். சின்னவளோ அக்கா வாயால் சொல்லாமல் எதற்கும் தலையாட்ட மாட்டேன் என்கிறாள். உனக்கு ஒப்பவில்லை என்றால் மறைக்காமல் எழுது. ஒட்டினதைப் பெயர்த்து ஒட்டுகிற குடும்பம் நாம், ஒழுகல் வீட்டாரிடம் நானே போய்ப் பேசிக்கொள்கிறேன். அத்தையை நினைத்து எதுவும் எழுதாதே, அவள் வலது ஓரத்து ஆள்.

சம்மதம் என்றால் எனக்கோ அப்பாவுக்கோ எழுதாதே, சின்னவளுக்கே எழுது. மறக்காமல் அவளை நன்றாகத் திட்டி எழுது, குழாய் விஷயத்தையும் சேர்த்துக்கொள். நீ மரியாதையாக எழுதினால் அழுதுகொண்டே எழுதியதாக அவள் நினைத்துவிடுவாள். எங்கே நின்றாலும் உன் இடத்தில் நிறைவாக நில், உடம்பில் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். முட்டையை மறக்காதே.

இப்படிக்கு,
உன் எண்ணெய்க் கறை அம்மா