பகலில் உறங்கும் வீடு

ஜூன் 12

இன்றும் கடைசி பெஞ்சு வரை என் குரல் போகவில்லை. "மிஸ், மியூட்ல இருக்கீங்க" என்றாள் ஒருத்தி. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், சத்தமில்லாமல். என் சிரிப்பே அப்படித்தான்.

தலைமையாசிரியை வாசலில் நின்று கேட்டுவிட்டுச் சொன்னார்: "உங்களுக்குப் பாடம் தெரியுது. பசங்க காதுல விழணும்ல?" அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்குவார்கள், அல்லது அனுப்பிவிடுவார்கள்.

ஜூன் 15

நான் பிறந்ததிலிருந்து, போன வருஷம் ஓய்வு பெறும்வரை, அப்பாவுக்கு மில்லில் இரவு ஷிப்ட். பகலெல்லாம் தூக்கம். கதவை உள்ளங்கை கொடுத்துச் சாத்த வேண்டும். பாத்திரத்தைத் துணி விரித்து வைக்க வேண்டும். சாப்பிடக் கூப்பிட, அம்மா விளக்கை அணைத்து அணைத்துப் போடுவாள். அழுகை வந்தால் தலையணை.

"நம்ம வீட்ல பல்லிகூட பர்மிஷன் வாங்கிட்டுத்தான் கத்தும்" என்பான் தம்பி. அதையும் காதோடுதான் சொல்வான்.

யாரும் அடித்ததில்லை. யாரைக் குறை சொல்ல? அவர் தூங்கி எழுந்தால்தான் எங்களுக்குச் சோறு.

ஜூன் 16

கல்லூரியில் ஒரு கட்டுரை எழுதினேன்: வளர்ப்பு, நாவலின் இளம் நாயகனை எப்படி உருவாக்குகிறது. கடைசி அத்தியாயத்தில் அவன் வீட்டைவிட்டு வெளியேறுகிறான் என்று முடித்திருந்தேன். நல்ல மதிப்பெண்.

வெளியேறினானாம்.

ஜூன் 22

மொட்டை மாடியில் யாருமில்லை. கத்திப் பார்த்தேன். இருமல்தான் வந்தது.

ஜூன் 30

பள்ளியில், ஜன்னல் மேல்விளிம்பில் இறகுப்பந்து சிக்கியிருந்தது. மேசைமேல் நாற்காலி போட்டு ஏறினாள், என்னை மியூட் என்றவள். நாற்காலி ஆடியது. நான் வராந்தாவின் மறுகோடியில்.

இறங்கு — ஒரே சொல்தானே? தொண்டைவரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. ஓடினேன். அதுவும் எப்படி? நுனிக்காலில்.

விழுந்துவிட்டாள். மணிக்கட்டு முறிந்திருக்கிறது.

"பாத்துட்டுத்தானே இருந்தீங்க? ஒரு சத்தம் குடுத்திருந்தா இறங்கியிருப்பாளே. ஏம்மா கத்தல?" என்றார் தலைமையாசிரியை.

ஏன் கத்தல? என்ன சொல்றது? எங்க வீட்ல தூங்குறாங்க மேடம்னா? வரல. வரவேயில்ல. நான் என்ன பண்ணுவேன்?

ஜூலை 3

கட்டுப் போட்ட கையோடு வந்திருந்தாள். "வலிக்குதா?" என்றேன்.

"என்ன மிஸ்?"

ஜூலை 9

அப்பா ஓய்வு பெற்று ஓராண்டாகிறது. இன்று காது டாக்டரிடம் கூட்டிப்போனோம். மில் இரைச்சல் தின்றது போக மிச்சம் கொஞ்சம்தானாம். கருவி வைத்தாலும் பெரிய பலனிருக்காதாம்.

வீடு வந்ததும் அப்பா வெடித்தார்: "எதுக்கு எல்லாரும் குசுகுசுன்னே பேசுறீங்க? கொஞ்சம் சத்தமாப் பேசித் தொலைங்களேன்!"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் செருப்பை ஓசையில்லாமல் கழற்றி வைத்துக்கொண்டிருந்தான்.

ஜூலை 14

மாலை, பள்ளியிலிருந்து நேரே வீடு. அப்பா முன்னறையில், எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

"அப்பா."

திரும்பவில்லை. விளக்கை அணைத்து அணைத்துப் போட்டேன். திரும்பினார்.

"என்னை வேலையிலேர்ந்து நிறுத்திட்டாங்கப்பா."

காதருகே கை குவித்து என் உதட்டையே பார்த்தார். பிறகு தலையாட்டிச் சிரித்தார். "நல்லதும்மா. நல்லது. போய்ச் சாப்பிடு."

இன்னொரு முறை சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

கதவை உள்ளங்கை கொடுத்துச் சாத்திவிட்டு வந்தேன்.