கஞ்சிப் பாத்திரத்தில் வைத்த கைப்பிரதி

மார்ச் 11, செவ்வாய்

என் மீதே எரிச்சலாக இருக்கிறது. பயப்படாமல் சாட்சி சொல்லுங்கள் என்று ஞாயிறு ஆராதனையில் புதுப் போதகர் இயேசுவைப் பற்றிய கைப்பிரதிகள் ஆளுக்குப் பத்துக் கொடுத்தார். எனக்கு வாய் வரவில்லை. பக்கத்து வீட்டு ஹாஜியார் நோன்புக் கஞ்சி அனுப்பிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாதென்று நேற்று வாழைப்பழம் வைத்தேன். அதன் அடியில் ஒரு கைப்பிரதியையும் மடித்து வைத்தேன். கெட்டித்தனம் என்று நினைப்பு.

இன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் அதைக் கையில் பிடித்தபடி வந்தார்.

"நாப்பது வரிசமா பக்கத்து ஊட்டுல இரிக்கம். உங்கட மார்க்கத்தப் பத்தி ஒரு சொல்லு கதைக்கல்ல. இப்ப பழத்துக்குக் கீழ ஒளிச்சி அனுப்புறீங்க. நான் என்ன, கடிச்சா தின்டுருவன்? வாயால சொல்லுங்க சேர். நாளைக்கு நோன்பு திறக்க ஊட்ட வாங்க."

"ஓம், ஹாஜியார்" என்றேன். பிறகு அவருடைய பிரஷர் மாத்திரையைப் பற்றி விசாரித்தேன். என்ன மனிதன் நான்!

பாடக் குறிப்பில்லாமல் ஒரு நாளும் வகுப்புக்குள் நுழையாதவன். நாளைக்குச் சொல்ல வேண்டியதை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நான்கும் போதகரின் பிரசங்கம் மாதிரியே இருக்கின்றன. ஹாஜியார் முதல் வரியிலேயே சிரித்துவிடுவார்.

என் மனைவி ஜெயா இறந்த பிறகு கர்த்தர் என்னை எப்படி எழுப்பி நடத்தினார் என்பதை மட்டும் சொல்லலாம். அந்த நாட்களை ஹாஜியார் கண்ணால் பார்த்தவர். ஆனால் பாதியில் அழுதுவிடுவேன், அதுவும் அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு முன்னால். இத்தனை வருடமும் அதற்குத்தான் பயந்திருக்கிறேன் போல.