மாப்பிள்ளைப் பகுதியிடம் உளறியது

மே 12, 2007. சனி.

தாலிக்குப் பொன்னுருக்கும் நாளைச் சொல்ல, மகள் கட்டப்போகும் ஐரிஷ் பையனின் வீட்டுக்கு, பக்கத்து ஊரான சட்டனுக்குப் போனோம். அவனுடைய தகப்பனும் தகப்பனின் தமையனும் இருந்தார்கள். அவர்களுடைய நாட்டு ஆயுதப் போராட்டம் சரியா பிழையா என்ற சண்டையில் பல வருடம் பேசாதவர்கள், கல்யாணத்துக்காகத்தான் ஒரே சோபாவில் இருக்கிறார்கள் என்று மகள் எச்சரித்திருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டு கேக் தின்றிருக்கலாம். மாப்பிள்ளை வீட்டாரைக் குளிர்விக்கும் புத்தியில், போராட்டம் சரியென்று நின்ற தமையனிடம், "உங்கட பெடியள் துவக்குத் தூக்கினபடியால்தான் இப்ப பெல்ஃபாஸ்டில சமாதானம்" என்று என் ஆங்கிலத்தில் அவிழ்த்துவிட்டேன்.

தகப்பன் கோப்பையை வைத்தார். "என்னோடு படித்தவன் அவர்களுடைய குண்டில் செத்தான். கடைக்குப் பாண் வாங்கப் போனவன்."

"அது போர்" என்று தமையன் எழும்பிக் கோட்டை மாட்டினார். இப்போது போனால் கல்யாணத்துக்கும் வரமாட்டார். மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எங்கட நாட்டில எங்கட இயக்கப் பெடியளும் என்ர மச்சானைக் கூட்டிக்கொண்டு போனவை. அவன் திரும்பி வரேல்லை" என்றேன். இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

"பிறகேன் என்னைப் புகழ்ந்தீர்?" என்றார் தமையன்.

"நீங்கள் மாப்பிள்ளைப் பகுதி. பயம்."

முதலில் தகப்பன் சிரித்தார். தமையன் கோட்டோடே இருந்துவிட்டார். பேச்சு அயர்லாந்து ஒன்றாகுமா என்று போனது. வாக்கால் வருமென்றால் தனக்கும் சம்மதம் என்றார் தகப்பன். அதற்கு எத்தனை காலமோ என்று முணுமுணுத்த தமையன், பொன்னுருக்குக்கு வருவதாக மட்டும் தெளிவாகச் சொன்னார்.

காரில் மனைவி, "உங்கட மச்சானை ஆமி பிடிச்சதெண்டெல்லோ எனக்குச் சொன்னனீங்கள்?" என்றாள். மோர்டனில் எங்கள் வீடு வரும்வரை உண்மையைச் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. மிச்சத்தையும் கேட்க, தேத்தண்ணி ஊற்றிவைத்துக் கீழேயிருந்து கூப்பிடுகிறாள்.