கூட்டினேன், பெருக்க வேண்டுமாம்

கணக்கு டீச்சரான என் மல்லிகாவுக்கு,

நலமா என்று கேட்க முடியாத இடத்தில் இருக்கிறாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நம் வினோதினி மாடல் பரீட்சையில் கணக்குத் தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். பெயரை மட்டும் அழகாக எழுதியிருந்தாளாம். நீ போன பிறகு அவள் அந்தப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. நீ பாதியில் விட்ட செயின் ரூல் பாடத்தில் அப்படியே நிற்கிறது.

பிளஸ் டூ எப்படியோ போகட்டும், கேரள எல்லையில் கோபாலபுரத்தில் பேக்கரி வேலைக்குப் போகிறேன் என்கிறாள். கணக்கைப் படி கண்ணு என்றால், "யாருங்கப்பா சொல்லித் தருவா? நீங்களா?" என்று சிரிக்கிறாள். பத்தாவதில் நான் கணக்கில் தட்டுத் தடுமாறித் தேறிய கதையை அவளிடம் போட்டுக்கொடுத்தது யார்?

வீம்புக்குப் போனில் வீடியோ பார்த்து நானே படித்தேன். ஒன்றுக்குள் ஒன்று இருக்கும் கணக்கு. முதலில் வெளியே இருப்பதை வகையிட வேண்டும், உள்ளே இருப்பதைத் தொடக்கூடாது. பிறகு உள்ளே இருப்பதைத் தனியாக வகையிட்டு... அங்கே தூங்கிவிட்டேன். கல்யாணமான புதிதில் நீ சொல்லித்தந்தபோதும் இதே இடத்தில்தானே தூங்கினேன்?

மறுநாள் மோட்டார் ரூமில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "வோல்டேஜ் கொறஞ்சா மோட்டார் மெதுவாச் சுத்துது. மோட்டார் மெதுவானா தண்ணி கொறையுது. அப்ப வோல்டேஜுக்குத் தண்ணி எத்தனை கொறையும்? ரெண்டையும் கூட்டிப்போட்டாத் தீந்துது. இதானே கண்ணு செயின் ரூலு?" சுவரில் சாக்பீஸால் ஒரு கணக்கும் போட்டேன். sin(x²) என்பதற்கு விடை cos(x²) + 2x.

அவள் சுவரையே பார்த்தாள். "கூட்டக் கூடாதுங்கப்பா. பெருக்கோணும்." சாக்பீஸைப் பிடுங்கி, கூட்டல் குறியை அழித்துப் பெருக்கல் போட்டாள். "அம்மா இருந்தா உங்களைப் பெஞ்சு மேல ஏத்தியிருப்பாங்க."

அம்மா என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்து எத்தனை காலமாயிற்று! சொன்னவள் சட்டென்று திரும்பி மோட்டாரைப் போட்டாள். அந்தச் சத்தத்தில் அழுதாளா என்று எனக்குக் கேட்கவில்லை.

அதற்கப்புறமும் புத்தகம் மூடியேதான் கிடக்கிறது. கிளாஸ் சார் என்னைக் கூப்பிட்டு, "இனி ரட்சையில்லா", இனித் தப்ப வழியில்லை என்று மலையாளத்தில் கையை விரித்தார். எனக்கும் நம்பிக்கை இல்லை மல்லிகா. அவள் தேறாமல் போனால் உன்னிடம் எந்த முகத்தோடு சொல்வேன்? வேறு யாரிடம் சொல்வேன்?

ஒன்று மட்டும் செய்கிறேன். பரீட்சை வரைக்கும் தினமும் அந்தச் சுவரில் ஒரு கணக்குப் போட்டுவைப்பேன். தப்பான கணக்கைப் பார்த்துவிட்டு உன் மகளால் சும்மா போக முடியாது. நேற்று போய்விட்டாள்தான். இன்றும் போட்டிருக்கிறேன். வேண்டுமென்றே தப்பாகப் போட நான் மெனக்கெட வேண்டியதில்லை, அது தானாகவே வருகிறது.

நீ 'ஏனுங்க' என்று கூப்பிட்ட,
உன் வீட்டுக்காரன்