துரைக்கு ஒரு துணை

மார்ச் 3, செவ்வாய்

சமையலறை அலமாரிக்கு இன்று ஒரு வீட்டில் அளவெடுத்தேன். சுவர் கோணல். கட்டியவனைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் துரை கூண்டின் அதே மூலையில், முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். காலையில் வைத்த வெள்ளரிக்காய் வைத்தபடியே வாடிக் கிடக்கிறது. கூட இருந்த பட்டாணி செத்துப் போனதிலிருந்து இவன் இப்படித்தான்.

இந்த இரண்டு கினிப்பன்றிகளும் நான் ஆசைப்பட்டு வாங்கியவை அல்ல. என் மனைவி பள்ளி வேன் ஓட்டுகிறாள். வகுப்பறையில் வளர்த்தவற்றை அந்தப் பள்ளி வேண்டாம் என்றதும், கூண்டோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். “ஒரு வாரம்தாங்க” என்றாள். வருஷங்கள் ஓடிவிட்டன. கையகலப் பிராணி. அதுக்குப் போய் நான் ஏன் சாப்பிடாம உட்கார்ந்திருக்கேன்?

மார்ச் 5, வியாழன்

கால்நடை டாக்டரம்மாவிடம் போனோம். பல்லைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். “உடம்புல கோளாறு எதுவும் தெரியல சார். கூட இருந்தவன் போயிட்டான்ல, அந்த ஏக்கம்தான்” என்றார். இவற்றுக்கு வயிறு காலியாகக் கூடாதாம். காலியானால் குடல் நின்றுவிடும், அப்புறம் உயிரும் நிற்காது. ஊசி கழற்றிய சிரிஞ்சில் புல்மாவு கரைத்து ஊட்டச் சொன்னார்.

“இப்படியே ஊட்டி ஓட்டிரலாமா?”

“ரொம்ப நாள் ஓடாது. ஒரு துணையைச் சேர்த்துப் பாருங்க.”

ஆணோடு ஆண் சேருமா என்று கேட்டேன். “சின்னதா ஒண்ணு பாருங்க. சேர்ந்தா உயிருக்கு உயிரா இருப்பாங்க. சேரலன்னா குதறிப்பாங்க” என்றார். நல்ல ஆறுதல்!

மார்ச் 7, சனி

பாதி அவன் வாயில். மீதி என் சட்டையில்.

மார்ச் 10, செவ்வாய்

பிராணிகள் காப்பகத்திலிருந்து ஒரு குட்டி ஆணைக் கொண்டுவந்தோம். ஈரத்தலையோடு தூங்கி எழுந்தவன் மாதிரி உச்சியில் முடி நட்டுக்கொண்டு நிற்கிறது. பெட்டியைத் திறந்ததும் என் சட்டைப் பொத்தானைத் தின்னப் பார்த்தான். வாண்டு என்று பெயர் வைத்தாயிற்று. நோய் ஏதும் தொற்றாமலிருக்கக் கொஞ்ச நாள் தனி அறை.

துரை இன்னும் இளைத்துவிட்டான். தூக்கும்போது விரலில் எலும்பு தட்டுகிறது. பயமா இருக்கு.

மார்ச் 15, ஞாயிறு

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு குடில் செய்தேன். சும்மா சொல்லக்கூடாது, என் கைக்கே கண் பட்டுவிடும். ஆணி கிடையாது, எல்லாம் பலகைக்குள் பலகை செருகிய பொருத்துதான். முகப்பில் வளைவு வைத்த அழகான ஒரே வாசல். பின்பலகைக்கு, வரி வரியாக ரேகை ஓடும் ஒரு துண்டு மரத்தை ஆசையாக எடுத்து வைத்திருந்தேன், அதையே போட்டேன். மனைவி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “எனக்கு ஒரு செருப்பு ஸ்டாண்டு கேட்டு எத்தனை மாசமாச்சு?” என்றாள்.

மார்ச் 24, செவ்வாய்

போச்சு. எல்லாம் போச்சு.

இருவருக்கும் பழகாத இடமாக இருக்க வேண்டுமென்று என் பட்டறைத் தரையைக் கூட்டிக் கழுவி, சுற்றிலும் பலகை நிறுத்தி, நடுவில் குடிலை வைத்து, இரண்டு பேரையும் உள்ளே விட்டேன். துரை இடுப்பை ஆட்டி ஆட்டி உறுமினான். அதுவரைக்கும் எனக்குச் சந்தோஷம்தான், இத்தனை நாள் கல்லாட்டம் கிடந்தவனாச்சே. வாண்டு மிரண்டு குடிலுக்குள் ஓடினான். துரையும் பின்னாலேயே உள்ளே. அப்புறம் பல் கடகடவென்று அடிக்கிற சத்தம். ஒரு அலறல். நான் கையை விட்டேன் — கடித்தது யார் என்றுகூடத் தெரியவில்லை, கட்டைவிரல் பிளந்துவிட்டது. வாண்டின் காதில் ரத்தம்.

துரை மறுபடி மூலைக்குப் போய்விட்டான். சிரிஞ்சைக்கூடத் தள்ளிவிடுகிறான். வேற வழி என்ன இருக்கு? யாரைக் கேக்குறது?

மார்ச் 25, புதன்

வாண்டின் காதுக்கு மருந்து போட்டார் டாக்டரம்மா. லேசான கிழிசல்தானாம். “புண் ஆறட்டும், இன்னொரு தடவை விட்டுப் பாருங்க. கையை மட்டும் நடுவுல விடாதீங்க” என்று என் விரலைப் பார்த்துச் சிரித்தார்.

மத்தியானம் மனைவி பட்டறைக்கு வந்தாள். குடிலைத் தூக்கினாள், கவிழ்த்தாள், வாசலுக்குள் கையை விட்டாள்.

“ஏங்க, பெரியவன் வாசல்ல நின்னா சின்னவன் எந்த வழியா வெளிய வருவான்?”

“வீட்டுக்கு ஒரு வாசல்தான் இருக்கும்.”

“என் வண்டிக்குப் பின்னாடியும் ஒரு கதவு இருக்கு. ஏன் வெச்சிருக்கான்? பசங்க தள்ளுமுள்ளுல மாட்டிக்கிட்டா இறங்கி ஓடத்தான்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மரவேலையில் எனக்கே பாடமா என்று கத்தினேன். “கத்துங்க, கத்துங்க. கத்தி முடிச்சிட்டு வாசலை வெட்டுங்க” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ராட்சசி. அவள் சொன்னது சரி என்பதுதான் எரிச்சல்.

மார்ச் 26, வியாழன்

பின்பலகையில் ரம்பத்தை வைத்தேன். ரேகை நடுவில் ஓட்டை. பின்வாசல் வெட்டிவிட்டேன்.

மார்ச் 29, ஞாயிறு

ஜெயம்! ஜெயம்! ஜெயம்!

அதே தரை, அதே பலகைகள். நடுவில் காய்ந்த புல்லை மலையாகக் குவித்து, குடிலை ஓரமாக வைத்தோம். கையை அக்குளில் இடுக்கிக்கொள்ளச் சொல்லி மனைவி உத்தரவு. துரை உறுமினான். வாண்டு குடிலுக்குள் பாய்ந்தான், துரை பின்னாலேயே நுழைந்தான் — வாண்டு பின்வாசல் வழியாக வெளியே! துரை தலையை நீட்டிப் பேந்தப் பேந்த விழித்தான். மறுபடி துரத்தல். முன்னால் நுழைந்து பின்னால், பின்னால் நுழைந்து முன்னால். அந்தப் பொடியன் இதை விளையாட்டாகவே ஆக்கிவிட்டான், நடுநடுவே நாலு காலும் தரையில் படாமல் துள்ளல் வேறு! நான் “ஓடுறா, ஓடுறா” என்று கத்துகிறேன், இவள் என் தோளைப் பிடித்து உலுக்குகிறாள்.

ஒரு கட்டத்தில் துரைக்கு மூச்சு வாங்கிவிட்டது. புல்லின் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தான். வாண்டு பயமே இல்லாமல் எதிரில் போய் நறநறவென்று மெல்ல ஆரம்பித்தான். துரை பார்த்தான். மெதுவாக மூக்கை நீட்டி, வாண்டின் வாயில் தொங்கிய புல்லின் மறுமுனையைப் பிடித்து இழுத்து — தின்றான். தானாகவே தின்றான்! அடுத்ததையும் தின்றான்.

அழுதேன். இவள் கேலி செய்வாள் என்று திரும்பினால், துப்பட்டாவில் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறாள்.

ஏப்ரல் 2, வியாழன்

சிரிஞ்சைக் குப்பையில் போட்டேன்.

ஏப்ரல் 9, வியாழன்

சண்டை இல்லாமல் இல்லை. கேரட் துண்டுக்கு இரண்டும் மல்லுக்கு நிற்கின்றன. அப்புறம் வெயில் விழும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று தாடையைப் போட்டுத் தூங்குகின்றன. செருப்பு ஸ்டாண்டு செய்து கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 18, சனி

துரையை எடை மெஷினில் வைத்ததும் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “என்ன சார் இது, பூசணிக்காய் மாதிரி ஆயிட்டாரு! கேரட்டை நிறுத்துங்க. தீனியைக் குறைக்கணும்.”

“என்ன சொன்னீங்க?” என்றேன்.

“தீனியைக் குறைக்கணும் சார். டயட்.”

காது கேட்காத மாதிரி இன்னொரு தடவை சொல்ல வைத்தேன். மனைவி முழங்கையில் கிள்ளினாள்.

திரும்பும் வழியில் மரக்கடையில் இறங்கினேன். முதலாளியிடம், “எங்க பெரியவனுக்கு டாக்டர் டயட் சொல்லிட்டாங்க” என்றேன்.

“அடப்பாவமே! என்ன வியாதி?”

“தின்னுற வியாதிங்க” என்றேன். சொல்லும்போதே சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்துவிட்டது.